பெல்ட் நின்றால் அடுப்பு அணையுமா? (அனல் மின் நிலையத்துக்கு நிலக்கரி ஊட்டிய கதை)

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி போகும் சாலையில் இருக்கிறது திருவரங்குளம். சுற்று வட்டாரம் முழுக்க செம்மண் பூமி. குளத்தில் தண்ணீர் இல்லாத காலத்தில் ஆழ்குழாய்க் கிணறுதான் கதி. கரண்ட் இருந்தால் மோட்டார், மோட்டார் ஓடினால் வெள்ளாமை. 2012-ம் வருடம் தமிழ்நாட்டில் இருந்த மின்வெட்டை இந்தப் பக்கத்து விவசாயிகள் சுலபத்தில் மறக்க மாட்டார்கள். அந்த வருடம் மே 10-ம் தேதி, ஏற்கெனவே பற்றாக்குறையில் தவித்த மாநிலத்துக்கு இன்னொரு அடி விழுந்தது. மேட்டூர் அனல் மின் நிலையத்தில் பெரிய தீ விபத்து!

தீப்பிடித்தது பாய்லரில் அல்ல, டர்பைனிலும் அல்ல. நிலக்கரியைச் சுமந்து போகும் கன்வேயர் பெல்ட்டுகளில். ஆனாலும் மின் உற்பத்தி நின்றது. சமையல்காரர் இருக்கிறார், அடுப்பு இருக்கிறது, விறகு கொண்டு வரும் வழிதான் அடைந்துபோனது.

அப்படி வழி அடைந்துபோனால் என்ன செய்வது? இந்தக் கேள்வி நீராவி எஞ்சின் பிறந்த நாளிலிருந்தே இருக்கிறது. ஒவ்வொரு காலத்திலும் அதற்கு ஒரு பதில் இருந்திருக்கிறது. அந்தப் பதில்களின் வரலாறுதான் இந்தக் கட்டுரை.

மண்வாரியின் காலம்

முதலில் எல்லாமே கைதான். நியூகோமென் 1712-ல் இங்கிலாந்தில் நீராவி எஞ்சினை ஓட்டியபோது, அடுப்புக்கு நிலக்கரி போட்டது மண்வாரி பிடித்த மனிதன். 1929-ல் திருச்சி - புதுக்கோட்டை ரயில் பாதை வந்தபோதும் எஞ்சினில் அதே கதை. டிரைவருக்குப் பக்கத்தில் ஃபயர்மேன் நின்று கரியை அள்ளி அள்ளிப் போட்டார்.

இந்த முறையில் ஒரு பெரிய வசதி உண்டு. கெட்டுப்போக எதுவும் இல்லை! ஒரு மண்வாரி உடைந்தால் இன்னொரு மண்வாரி. ஒருவர் களைத்தால் இன்னொருவர். மாற்று ஏற்பாடு என்று தனியாக யோசிக்கவே வேண்டாம்.

ஆனால் விலை? 1912-ல் மூழ்கிய டைட்டானிக் கப்பல் ஒரு நாளைக்கு சுமார் 600 டன் நிலக்கரி எரித்தது. அதை அடுப்பில் போட சுமார் 175 ஃபயர்மேன்கள் இருந்தார்கள். தலைக்கு மூன்றரை டன். கப்பலின் அடித்தளத்தில், கொதிக்கும் சூட்டில், முறை வைத்து வேலை.

இந்தக் கணக்கை அப்படியே மேட்டூருக்குக் கொண்டு வந்து பார்க்கலாம். நம் ஊர் நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் எடுக்கத் தோராயமாக 700 கிராம் வேண்டும். 210 மெகாவாட் அலகு ஒன்று முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு சுமார் 147 டன். ஒரு நாளைக்கு 3,500 டன். ஒரு முழு கூட்ஸ் ரயில்! டைட்டானிக் கணக்குப்படி அதைக் கையால் போட ஆயிரம் பேர் வேண்டும். மேட்டூரில் அப்படிப்பட்ட அலகுகள் நான்கு. ஆக, மண்வாரி இனி மாற்று வழி ஆக முடியாது.

இயந்திரம் வந்தது, கூடவே பயமும் வந்தது

1841-ல் ஜான் ஜூக்ஸ் என்ற ஆங்கிலேயர் சங்கிலித் தட்டு அடுப்புக்குக் காப்புரிமை பெற்றார். இரும்புச் சங்கிலியால் ஆன தட்டு மெதுவாக நகரும். அதன் மேல் கரி எரிந்துகொண்டே போகும். மறுமுனையில் சாம்பல் விழும். அடுத்த பெரிய மாற்றம் அமெரிக்காவின் மில்வாக்கி நகரை ஒட்டி வந்தது. 1921-ல் அங்கே திறந்த லேக்சைடு மின் நிலையத்தில் நிலக்கரியை மாவு போல அரைத்து, காற்றோடு சேர்த்து ஊதி எரித்தார்கள். இன்று தமிழ்நாட்டின் பெரிய அனல் மின் நிலையங்களில் பெரும்பாலானவை இந்த வழியில்தான் ஓடுகின்றன.

இந்த பாய்லர்கள் நமக்குத் தூரத்துச் சமாச்சாரமும் அல்ல. திருச்சி திருவெறும்பூரில் இருக்கும் பெல் தொழிற்சாலை பாய்லர் செய்வதற்கென்றே வந்தது. அதற்கு உதிரி பாகம் செய்து கொடுக்கும் பட்டறைகள் புதுக்கோட்டை மாவட்டம் மாத்தூரில் இருக்கின்றன.

மாவாக அரைத்து ஊதும் அடுப்பில் ஒரு சிக்கல் இருக்கிறது. மண்வாரி அடுப்பில் தட்டின் மேல் கரி குவிந்து கிடக்கும். ஐந்து நிமிடம் யாரும் போடாவிட்டாலும் தீ இருக்கும். மாவு அடுப்பில் சேமிப்பே இல்லை. மாவு வரும் வரைதான் தீ. நின்றால் சில நொடிகளில் அணைந்துவிடும். அதனால்தான் மாற்று ஏற்பாடு என்பது தனி ஒரு கலையாகவே வளர்ந்தது.

எங்கே நின்றால் என்ன செய்வார்கள்?

ரயிலில் வரும் கரியை இறக்குவதில் தொடங்கலாம். வேகன் டிப்ளர் என்ற இயந்திரம் வேகனை அப்படியே பிடித்துக் கவிழ்த்துவிடும். டிப்ளர் பழுதானால்? அடியில் கதவு திறக்கும் வேகன்களை வரவழைத்து, தண்டவாளத்துக்குக் கீழே இருக்கும் பெரிய தொட்டியில் கொட்டலாம். அதுவும் இல்லாவிட்டால் பக்கவாட்டுக் கதவைத் திறந்து ஆட்களை வைத்துத் தள்ள வேண்டும். நேரம் பிடிக்கும். தாமதமானால் ரயில்வேக்கு டெமரேஜ் கட்ட வேண்டும்.

அடுத்து கன்வேயர். இதை ஜோடியாகவே அமைப்பார்கள். ஏ பெல்ட் ஓடும்போது பி பெல்ட் சும்மா இருக்கும். ஏ அறுந்தால் பி. இரண்டு பெல்ட்டும் சந்திக்கும் கோபுரங்களில் மடக்குக் கதவைத் திருப்பி, ஏ-யில் வந்த கரியை பி-க்கு மாற்றிவிடவும் முடியும்.

மூன்றாவது, கரி மேடு. மேட்டிலிருந்து கரியை வாரி பெல்ட்டில் போடுவதற்கு ரிக்ளைமர் என்ற ராட்சத இயந்திரம் உண்டு. அது படுத்துவிட்டால் புல்டோசர் வரும். தரையோடு தரையாக இரும்புக் கம்பி வலை போட்ட ஒரு குழி இருக்கும். அவசரத் தொட்டி என்பார்கள். புல்டோசர் கரியைத் தள்ளிக்கொண்டு போய் அதில் போட, கீழே இருக்கும் பெல்ட் எடுத்துக்கொள்ளும். புல்டோசருக்கு அன்றாட வேலையே வேறு. கரி மேட்டுக்குள் காற்று புகுந்தால் அது தானாகவே புகைய ஆரம்பிக்கும். அதைத் தடுக்க மேட்டை அழுத்தி இறுக்குவதுதான் அதன் வேலை. அவசரத்தில் அதுவே மண்வாரி ஆகிவிடுகிறது!

நான்காவது, பங்கர். பாய்லருக்குப் பக்கத்தில் உயரத்தில் இருக்கும் இரும்புத் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் சில நூறு டன் கரி. எல்லாம் நிரம்பி இருந்தால் கீழே எது நின்றாலும் சுமார் 12 முதல் 16 மணி நேரம் தாக்குப் பிடிக்கலாம். பெல்ட்டை ஒட்டுப் போடவும், மோட்டாரை மாற்றவும் கிடைக்கும் அவகாசம் இவ்வளவுதான்.

ஐந்தாவது, அரைக்கும் மில். 210 மெகாவாட் அலகுக்குப் பொதுவாக ஆறு மில்கள். எல்லாம் ஒரே நேரத்தில் தேவைப்படாது. ஒன்று பழுதானால் இன்னொன்று.

கடைசியில் எண்ணெய். மழைக்காலத்தில் ஈரமான கரி சேறு போல ஒட்டிக்கொண்டு பங்கரின் வாயை அடைத்துவிடும். அப்போது எண்ணெய்த் துப்பாக்கிகளைப் பற்றவைத்து தீ அணையாமல் காப்பாற்றுவார்கள். விலை அதிகம் என்பதால் நீண்ட நேரம் ஓட்ட மாட்டார்கள்.

நெய்வேலியும் தூத்துக்குடியும்

இடத்துக்கு இடம் இந்தக் கவலை மாறும். நெய்வேலியில் 1962-ல் முதல் அலகு ஓட ஆரம்பித்தது. அங்கே கூட்ஸ் ரயிலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பக்கத்துச் சுரங்கத்திலிருந்து பழுப்பு நிலக்கரி பெல்ட்டிலேயே வருகிறது. சௌகரியம்தான். ஆனால் பழுப்பு நிலக்கரியில் ஏறக்குறைய பாதி ஈரம். காய்ந்தால் உதிரும், தானாகப் பற்றும். மாதக்கணக்கில் குவித்து வைக்க முடியாது. தவிர, சுரங்கத்துக்கு அடியில் அழுத்தத்தோடு இருக்கும் நிலத்தடி நீரை இடைவிடாமல் பம்ப் வைத்து இறைக்க வேண்டும். பம்புக்கு மின்சாரம் வேண்டும், மின்சாரத்துக்கு கரி வேண்டும், கரிக்கு பம்ப் ஓட வேண்டும்!

தூத்துக்குடி இதற்கு நேர் எதிர். 1979-ல் தொடங்கி ஐந்து 210 மெகாவாட் அலகுகளாக வளர்ந்த நிலையம். சுரங்கம் இருப்பதோ ஒடிசாவில். அங்கிருந்து ரயிலில் துறைமுகம், கப்பலில் தூத்துக்குடி, பெல்ட்டில் மின் நிலையம். இத்தனை கண்ணிகள் உள்ள சங்கிலியில் ஒவ்வொன்றுக்கும் மாற்று வைத்திருந்தாலும் வெள்ளம் வந்தால் என்ன செய்ய? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தில் கொட்டிய மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பதிவானது. வெள்ளம் நிலையத்துக்குள் புகுந்து உற்பத்தி நின்றது.

மாற்று எப்போது மாற்று?

இப்போது மேட்டூருக்குத் திரும்பலாம். ஏ பெல்ட்டும் பி பெல்ட்டும் வழக்கமாக ஒரே கூரையின் கீழ், சில அடி இடைவெளியில் ஓடுபவை. மோட்டார் எரிந்தால், பெல்ட் அறுந்தால் இந்த ஜோடி கை கொடுக்கும். தீப்பிடித்தால்? ரப்பர் பெல்ட், மேலே நிலக்கரித் தூசி, சரிவான கூண்டு. தீ ஒன்றை மட்டும் எரித்துவிட்டு இன்னொன்றை விட்டுவைக்காது. காகிதத்தில் இரண்டு வழி, நெருப்புக்கு ஒரே வழி.

இன்னொரு விதமாகவும் மாற்று காணாமல் போகும். நம் நிலக்கரியில் சாம்பல் அதிகம், 40 சதவீதத்தைத் தொடும். அதே சூட்டுக்கு அதிகக் கரி அரைக்க வேண்டும். சும்மா இருக்க வேண்டிய மில்லையும் ஓட்ட வேண்டி வரும். அவசரத்துக்கு என்று வைத்தது அன்றாடத்துக்குப் போய்விட்டால், அவசரத்தன்று கையில் ஒன்றும் இருக்காது. விதை நெல்லை எடுத்துச் சமைத்தது போலத்தான்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதைக் கணக்கில் யாரும் எழுதுவதில்லை. பங்கர் வாய் அடைத்தால் நீளக் கம்பியால் குத்துவது, குழாயைச் சம்மட்டியால் தட்டுவது, பெல்ட்டுக்கு அடியில் சிந்திய கரியை அள்ளிப் போடுவது எல்லாம் மனிதர்கள்தான். அவர்களில் நிறைய பேர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஆயிரம் ஃபயர்மேன் வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டது உண்மை. ஆனால் இயந்திரம் மக்கர் செய்யும் இடத்திலெல்லாம் பழைய மண்வாரிக்காரர் மீண்டும் வந்து நிற்கிறார்.

2024 டிசம்பர் 19-ம் தேதி மேட்டூர் அனல் மின் நிலையத்தில் நிலக்கரி பங்கர் சரிந்து இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். மற்றவர்களுக்கு அவகாசம் தருவதற்காகக் கட்டப்பட்ட தொட்டி, அவர்களுக்கு ஒரு நிமிடம்கூட அவகாசம் தரவில்லை.

மண்வாரியில் தொடங்கிய இந்த வரலாறு சொல்வது ஒன்றுதான். மாற்று வழி என்பது முதல் வழியை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும். அவசரம் வரும்வரை அதைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும். அதைக் காப்பாற்றும் ஆளுக்கும் பாதுகாப்பு வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும், பெயர் மட்டும்தான் மாற்று வழி.