கைம்மாறு

கைம்மாறு (பெயர்ச்சொல்): பெற்ற உதவிக்குத் திரும்பச் செய்யும் உதவி. கை, மாறு என்ற இரு சொற்கள் சேர்ந்தது.

சொல்லின் உயிர் 'மாறு' என்ற பாதியில் இருக்கிறது. ஒன்றுக்கு ஈடாக வருவதும் மாறு, எதிராக நிற்பதும் மாறு. பகைவரைக் குறிக்கும் 'மாற்றார்' இந்த வேரில் பிறந்ததே; பழைய நூல்களில் மறுமொழிக்கு 'மாற்றம்' என்று பெயர். வட்டியும் பத்திரமும் இல்லாமல் அவசரத்துக்கு வாங்கும் சிறு கடன் 'கைமாற்று'. பேச்சில் அது 'கைமாத்து'.

பகையின் பக்கம் சாயாமல் நன்மையோடு நின்றுவிட்டது கைம்மாறு. திருக்குறளின் ஒப்புரவறிதல் அதிகாரம் இச்சொல்லுடன்தான் தொடங்குகிறது: மழைக்கு உலகம் என்ன திருப்பிச் செய்துவிட முடியும் என்று 211ஆம் குறள் கேட்கிறது. இன்றும் இச்சொல்லை அதிகம் கேட்பது 'கைம்மாறு கருதாமல்' என்ற தொடரில். திருப்பித் தருவதைக் குறிக்கும் சொல், அதை எதிர்பாராத மனத்தைப் பாராட்டவே பெரிதும் பயன்படுவது அழகான திருப்பம்.

தீமையைத் திருப்பித் தருவதற்குத் தமிழ் வைத்திருக்கும் சொல் பழி. நிந்தை, குற்றம், வஞ்சம் மூன்றையும் அது சுமக்கிறது. பழி சுமத்தினால் குற்றச்சாட்டு. பழி வாங்கினால், பழி தீர்த்தால் வஞ்சம். கடன்காரர் வாசலில் விடாப்பிடியாகக் காத்திருப்பவர் 'பழியாய்க் கிடக்கிறார்'.

வினைகளின் வேறுபாடும் கவனிக்கத்தக்கது. கைம்மாற்றைச் செய்கிறோம், பழியையோ வாங்குகிறோம். தீங்கு செய்தவர் நாணும்படி அவருக்கு நன்மை செய்யச் சொல்லும் 314ஆம் குறள், பழிக்குரிய இடத்தில் கைம்மாற்றை வைக்கிறது.