விரைந்து கற்கும் சிறாரும் வகுப்பேற்றமும்

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது முன்னோர் வாக்கு. முளையிலே தெரிந்த பயிருக்கு நாம் என் செய்தோம் என்பதே ஈண்டு ஆராயற்பாலது. ஆண்டுப் பாடத்தை அரையாண்டில் கற்கும் பிள்ளையை ஒரு வகுப்புத் தாண்டி ஏற்றுவதை நம் ஆசிரியர்கள் ‘டபிள் புரமோஷன்’ என்பர். இது மேனாட்டார் கண்ட புதுமை எனச் சிலர் எண்ணுவர். வரலாறு வேறு கூறுகின்றது.

நம் திண்ணைப் பள்ளிகளிலே வயதுக்கொரு வகுப்பு என்ற வரையறை இருந்ததில்லை. மணலில் எழுதித் தேர்ந்த பிள்ளை ஓலைக்குச் சென்றான். முந்திக் கற்றவன் சட்டாம்பிள்ளையாகிப் பிந்தியவனுக்குக் கற்பித்தான். 1789இல் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் பள்ளியை ஏற்ற அந்திரூ பெல் பாதிரியார், மணலில் எழுதும் நம் பிள்ளைகளைக் கண்டு அம்முறையைக் கைக்கொண்டார். ஜோன் பிரிஸ்கென் என்ற எட்டு வயதுச் சிறுவன் அங்கு அரிச்சுவடி வகுப்புக்கு ஆசிரியனானான். படியேற்றியது தேர்ச்சியே, வயதன்று. 1797இல் பெல் வெளியிட்ட நூலின் வழியே இம்முறை இங்கிலாந்திலும் பரவிற்று.

இனி, நம் கண்டி மலைகளை நோக்குவோம். 1867இல் லூல்கந்துரா தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வியளிக்கும் பொறுப்பைத் துரைமார்மீது சுமத்திய சட்டமோ 1907இலேதான் வந்தது. அப்படி எழுந்த பள்ளிகள் பலவற்றில் மண்டபம் ஒன்று, ஆசிரியர் ஒருவர். இரண்டாம் வகுப்பிலிருக்கும் கூரிய பிள்ளை, பக்கத்திலே நடக்கும் நான்காம் வகுப்புப் பாடத்தையும் செவிவழியே கற்றுவிடும். வறுமை தந்த திண்ணைப்பள்ளி அது எனலாம். ஆனால் ஐந்தாம் வகுப்புக்கு மேலே பெரும்பாலும் படியே இல்லை. விரைந்து ஏறிய பிள்ளை விரைந்து முடிவை எய்திற்று. அதற்கப்பால் காத்திருந்தது கொழுந்துக் கூடையன்றோ?

1945இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி மலர்ந்தது. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில், ஏழைச் சிறார் பலரை மத்திய கல்லூரிகளுக்கு உயர்த்திற்று. 1952இல் இலங்கைப் பல்கலைக்கழகமே பேராதனைக்கு வந்தது. தோட்டப் பள்ளிகளோ 1970களில் அரசு பொறுப்பேற்கும்வரை இவ்வேணிக்குப் புறத்தே நின்றன. பல்கலைக்கழகம் அமைந்த மலைச்சாரலிலேயே, அதன் வாயிலை அறியாது ஒரு தலைமுறையின் கூர்மதி மழுங்கிற்று.

2004இல் அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட அறிக்கை, தகுதியுள்ள பிள்ளையை முன்னே ஏற்றுதல் நன்றே என்று முடிவு செய்தது. நாமும் அதை மறுக்கவில்லை. எனினும் நம் வரலாறு ஒன்றைச் சேர்த்துக் கூறுகின்றது: மேற்படி உள்ள இடத்திலேயே தாண்டுதல் பயன்தரும்.

ஆகவே பெரியோர்களே, பிள்ளையின் விரைவைக் குடும்பப் பெருமைக்காகத் தூண்டாதீர். தானே விரையும் பிள்ளையைத் தடுக்கவும் வேண்டா. இளைஞர்களே, லயத்திலே ஒரு கூரிய பிள்ளையைக் கண்டால் வியந்து பாராட்டுவதோடு அமையாது, அடுத்த வகுப்பு எங்கேயுள்ளது, அங்கே செல்ல வழிச்செலவு யார் தருவார் என்று வினவுங்கள். மாலையில் ஒரு மணிநேரம் அருகிலிருந்து கற்பியுங்கள். அன்றைய சட்டாம்பிள்ளை செய்ததும் அதுவே.