செவ்வாய்க்கிழமைகளில் அச்சிடாத கணினி: வழு அறிக்கையின் வரலாறு

உபுண்டு இயங்குதளத்தின் வழுப் பதிவேட்டில் 2008-09 காலத்தில் இடம்பெற்ற ஒரு முறையீடு இன்றளவும் நினைவுகூரப்படுகிறது. ஓப்பன் ஆபீஸ் மென்பொருளிலிருந்து செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் அச்செடுக்க முடியவில்லை என்பதே அம்முறையீடு. அதனைக் கவனித்துச் சொன்னவர் நிரலாளர் அல்லர். பயனர் ஒருவரின் மனைவி. கேட்டவுடன் நகைக்கத் தோன்றும் அக்கூற்று எழுத்துக்கு எழுத்து உண்மை என்பது பின்னர் நிறுவப்பட்டது.

முதலில் ஐயம் ஓப்பன் ஆபீஸின்மீது விழுந்தது. பிறகு லினக்சின் அச்சு அமைப்பாகிய கப்சின்மீது விழுந்தது. குற்றம் இரண்டிலும் இல்லை. ஒரு கோப்பு எவ்வகையைச் சார்ந்தது என்பதை அதன் தொடக்கப் பகுதியைப் படித்து ஊகிக்கும் 'ஃபைல்' என்னும் சிறு நிரல் ஒன்று உண்டு. எர்லாங் என்ற நிரல்மொழியின் கோப்புகளை இனங்காண அதில் ஒரு விதி எழுதப்பட்டிருந்தது. செவ்வாய்க்கிழமை ஒன்றில் தொடங்கும் முழுத் தேதியொன்றைத் தேடுவது அவ்விதியின் நோக்கம். ஆனால் இடைவெளிகளைக் குறித்த முறையில் நேர்ந்த பிழையால், கிழமையின் ஆங்கிலச் சுருக்கமான மூன்றெழுத்து மட்டுமே தேடப்பட்டது. அச்சுக்குச் செல்லும் போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்பிலோ உருவாக்கப்பட்ட நாளும் கிழமையும் இடம்பெறும். ஆகவே செவ்வாய்தோறும் அக்கோப்பு எர்லாங் கோப்பெனத் தவறாக முத்திரையிடப்பட்டது, தாள் வெளிவரவில்லை. புதன்கிழமை எல்லாம் சீராயின.

இந்நிகழ்வில் எந்த நிரலும் முறிந்து விழவில்லை. ஒவ்வோர் உறுப்பும் தனக்கு விதிக்கப்பட்டதைச் செய்தது. பிழை நேர்ந்ததென்பதை அறிந்திருந்தவர், வெறுமையாகக் கிடந்த அச்சுப்பொறியின் முன் நின்ற மனிதர் ஒருவரே. மேசைக்கணினி லினக்சின் வழு அறிக்கை வரலாறு, இத்தகைய சாட்சியத்துக்கு எந்த அளவு மதிப்பு வழங்கப்பட்டது என்பதன் வரலாறாகவே அமைகிறது.

தமிழில் இப்பொருளுக்கு வாய்த்த சொல்லும் கருதத்தக்கது. பூச்சியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை மொழிபெயர்க்காமல், இலக்கண மரபிலிருந்து 'வழு' என்பதைத் தமிழ்க் கணிமையாளர்கள் எடுத்தாண்டனர். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என எழுவகை வழுக்களை நன்னூல் வகுக்கிறது. வழுவாயினும் தக்க காரணம்பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. பசுவின்மீதுள்ள உவப்பினால் அதனைத் தாயென்று அழைப்பது இதற்குப் பாடநூல் காட்டும் சான்று. ஒரு தொடர் வழுவா, வழுவமைதியா என்பதைத் தீர்மானிக்கக் கூறுவோன் கருத்தும் கேட்போன் எதிர்பார்ப்பும் தெரிந்தாக வேண்டும். மென்பொருளிலும் நிலைமை அதுவே.

1991 ஆகஸ்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் தம் புதிய இயங்குதளத்தை அறிவித்தபோதே, பயனர்களின் கருத்துகளைக் கேட்டிருந்தார். தொடக்கத்தில் குறைகள் மின்னஞ்சல்களாகவே பறந்தன. படித்தவர் மறந்தால் குறையும் மறைந்தது. 1993-இல் இயன் முர்டாக் தொடங்கிய டெபியன் திட்டம் இதற்கொரு நிலையான ஏற்பாட்டைக் கண்டது. இயன் ஜாக்சன் உருவாக்கிய வழுத்தடத்தில், வரும் ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் ஓர் எண் வழங்கப்பட்டது. எண் பெற்ற குறை எவருடைய நினைவையும் சார்ந்திராமல் பொதுவில் நின்றது. 1997-இல் வெளியான டெபியனின் சமூக ஒப்பந்தம், சிக்கல்களை மறைப்பதில்லை என்பதைத் தன் உறுதிமொழிகளுள் ஒன்றாக்கியது. வழுப் பதிவேடு முழுவதும் எந்நேரமும் மக்கள் பார்வைக்குத் திறந்திருக்கும் என அறிவித்தது. வணிக மென்பொருள்களின் குறைப்பட்டியல்கள் பெரும்பாலும் நிறுவனச் சுவர்களுக்குள் இருந்த காலம் அது. கடுமையான வழுக்கள் தீராதவரை புதிய பதிப்பு வெளியாகாது என்ற டெபியனின் நடைமுறை, அறிக்கைக்கு உண்மையான அதிகாரத்தையும் அளித்தது.

1998-இல் மோசில்லா திட்டத்துக்காக டெர்ரி வைஸ்மன் எழுதிய பக்சில்லா இம்முறையை வலைப்பக்கத்துக்குக் கொண்டுவந்தது. க்னோம், கேடீஈ ஆகிய மேசைச்சூழல்கள் முதலில் டெபியனின் வழுத்தட மென்பொருளைக் கையாண்டு, பின்னர் பக்சில்லாவுக்கு மாறின. அதனோடு தீர்ப்புச் சொற்களும் வந்தன: தீர்ந்தது, முன்பே பதிவானது, வழுவன்று, திருத்தப்படாது, எம் கணினியில் சரியாக இயங்குகிறது. இவற்றுள் 'திருத்தப்படாது' என்பது கணினியுலகின் வழுவமைதி. குறை குறையென ஒப்புக்கொள்ளப்பட்டும் காரணம்பற்றி விடப்படுகிறது. இறுதியாகக் கூறப்பட்டதோ பல புதிய பயனர்களை மனமுடையச் செய்த தீர்ப்பு. தான் கண்டதைப் பிறர் காண முடியாதபோது சாட்சி தனித்து நிற்கிறார். இவ்விடைவெளியைக் குறைக்கும் நோக்கில் 1999-இல் சைமன் டாதம் எழுதிய வழிகாட்டிக் கட்டுரை பரவலாகப் படிக்கப்பட்டது. செய்தது என்ன, கண்டது என்ன என்பவற்றை ஊகத்தோடு கலவாமல் கூறுவதே நல்ல அறிக்கை என்பது அதன் சாரம். நிரலறிவைக் காட்டிலும் கூர்ந்த கவனிப்பே அறிவிப்போரிடம் எதிர்பார்க்கப்பட்டது.

வழு என்பதன் எல்லை எவ்வளவு விரியக்கூடும் என்பதற்கு உபுண்டுவின் முதல் வழுவே சான்று. 2004 ஆகஸ்ட் 20 அன்று மார்க் ஷட்டில்வொர்த் பதிந்த அவ்வறிக்கை, கணினிச் சந்தையின் பெரும்பங்கு மைக்ரோசாஃப்ட்டிடம் இருப்பதையே வழுவெனக் குறித்தது. கைப்பேசிகளும் ஆண்ட்ராய்டும் நிலைமையை மாற்றிவிட்டதைக் காரணங்காட்டி 2013 மே 30 அன்று அவரே அதனை முடித்துவைத்தார். விளம்பர நோக்கம் இதில் இல்லையென்று கூறவியலாது. எனினும், இருப்பதற்கும் இருக்க வேண்டியதற்கும் உள்ள தொலைவே வழு என்ற வரையறை அதனுள் அடங்கியிருந்தது. அத்தொலைவை அளக்கவல்லவர், எது இருக்க வேண்டும் என்பதை அறிந்தவரே.

2006-இல் உபுண்டுவில் அப்போர்ட் என்ற கருவி சேர்க்கப்பட்டது. நிரல் முறிந்தவுடன் பதிப்பெண், நினைவகத்தின் நிலை முதலியவற்றைத் தானே திரட்டித் தருவது அதன் பணி. ஃபெடோராவிலும் இத்தகைய கருவி வந்தது. பயனர் விவரிக்கத் தெரியாதவற்றை இயந்திரமே விவரித்ததால் திருத்தங்கள் விரைவுபெற்றன. ஆயினும் இயந்திரம் தன் முறிவை அறியுமேயன்றித் தன் தவற்றை அறியாது. மறுபுறம், மனிதர் எழுதிய அறிக்கைகளுக்கோ காலவரையறை வந்தது. உபுண்டுவின் லாஞ்ச்பேடில் 'முழுமையற்றது' எனக் குறிக்கப்பட்ட அறிக்கை 60 நாள்கள் மறுமொழியின்றி இருந்தால் காலாவதியாகலாம்; ஃபெடோராவில் பதிப்பின் ஆயுள் முடியும்போது அதன்மீதான அறிக்கைகளும் மூடப்படுகின்றன. ஊதியமின்றி உழைக்கும் பராமரிப்பாளர்களின் சுமையைக் கருதினால் இது புரிந்துகொள்ளத்தக்கதே. ஆனால் தீர்வதும் மூடப்படுவதும் ஒன்றல்ல.

இவ்வேறுபாடு இந்திய மொழிகளைக் கூர்மையாகப் பாதித்தது. 'கொ' என்ற எழுத்தை யூனிகோடு ககரமும் உயிர்க்குறியுமாகச் சேமிக்கிறது. திரையிலோ ஒற்றைக்கொம்பு இடப்புறமும் துணைக்கால் வலப்புறமும் அமைய வேண்டும். இப்பிரிப்பைச் செய்வது எழுத்துவடிவாக்கப் பொறி. தேவநாகரியின் இகரக் குறியும் ஒலிப்பில் மெய்க்குப் பின்னும் வடிவில் முன்னும் நிற்பது. 2000-களின் லினக்சில் க்னோமின் பாங்கோ ஒருவகையாகவும் கேடீஈயின் அடித்தளமான க்யூட் வேறுவகையாகவும் இவற்றைக் கையாண்டன. கொம்பு இடம்மாறி நின்றால் குற்றம் எழுத்துருவிலா, பொறியிலா, செயலியிலா என்பது பயனருக்குத் தெரியாது. பின்னர் ஹார்ஃபஸ் என்ற பொதுப்பொறி பரவியபோது, ஓரிடத்தில் திருத்தினால் பல செயலிகளில் சீராகும் நிலை உருவாயிற்று.

கொம்பு இடம்மாறினாலும் நிரல் முறியாது. அப்போர்ட் வாய் திறக்காது. தமிழ் படிக்கத் தெரியாத நிரலாளருக்குத் திரையில் தெரிபவை வெறும் கோடுகளே. அங்குப் பிழை உண்டென்று கூறவல்லவர் அவ்வெழுத்தைப் படிப்பவர் மட்டுமே. தட்டச்சிட்டது எது, திரையில் தோன்றியது எது, தோன்றியிருக்க வேண்டியது எது என்ற மூன்றும் ஒரு படத்துடன் அமைந்த அறிக்கை, அம்மொழியறியாத ஒருவரையும் திருத்தத் தகுதியுடையவராக்குகிறது. படிப்பவர்கள் வாளாவிருந்தால் பதிவேட்டில் அவ்வழுவே இல்லை. பதிவேட்டில் இல்லாததை எவரும் திருத்துவதுமில்லை.

இன்று இந்திய மொழிப் பயனர்கள் பலர், எழுத்து உடைந்து தெரிந்தால் ரோமன் எழுத்துக்கு மாறி வேலையை முடித்துக்கொள்கின்றனர். அந்நேரத்துக்கு அது எளிய வழிதான். ஆனால் அவ்வாறு கடந்து செல்லப்படும் ஒவ்வொரு வழுவும், எவரும் ஒப்புதல் அளிக்காமலேயே வழுவமைதியாகிவிடுகிறது. செவ்வாய்க்கிழமை அச்சு வரவில்லை என்று சொன்னவருக்கு எர்லாங் என்றால் என்னவென்று தெரிந்திருக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. கண்டதைக் கண்டவாறு சொன்னார், சொன்னது பதிவாயிற்று, எஞ்சியதைத் தெரிந்தவர்கள் செய்தனர்.