பி.முட்லூரில் இறங்காதவன்

நான் கடலூர்க்காரன். சிதம்பரத்துல நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சேன். ஊருக்குப் போற பஸ் ஒவ்வொரு தடவையும் பி.முட்லூர்ல நிக்கும். "பரங்கிப்பேட்டை எல்லாம் இறங்கு"ன்னு கண்டக்டர் குரல் கொடுப்பார். நான் இறங்கினதே இல்லை. அங்கே, வெள்ளாறு கடலில் சேரும் இடத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரின உயராய்வு மையம் இருக்கு. வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் போனேன். கடற்பஞ்சு ஒண்ணைப் பார்த்து செடின்னு நினைச்சேன்.

அது விலங்கு. வாய், மூளை, நரம்பு எதுவும் கிடையாது. 1820களில் எடின்பரோவில் ராபர்ட் கிராண்ட் உயிருள்ள கடற்பஞ்சை லென்ஸில் பார்த்தார். ஒரு துளையிலிருந்து தண்ணீர் விடாமல் பீய்ச்சிக்கொண்டிருந்தது. விஷயம் இதுதான்: சின்னத் துளைகள் வழியா தண்ணீர் உள்ளே போகுது. சாட்டை மாதிரி இழை உள்ள செல்கள் அதைத் தள்ளிவிட்டு, பாக்டீரியாவை வடிகட்டித் தின்னுது. மிச்சம் பெரிய துளை வழியா வெளியே.

நம்ம கடலின் கதைக்கு வருவோம். சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் கடற்பஞ்சுகளைச் சேகரித்தார். லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்த ஆர்தர் டெண்டி அவற்றை ஆராய்ந்து 1887-ல் அறிக்கை வெளியிட்டார். 1889-ல் மன்னார் வளைகுடா பற்றி இன்னொன்று. இலங்கையில் முத்துக்குளிப்பு படுத்துப்போனதும், காரணம் தேடி 1902-ல் பேராசிரியர் ஹெர்ட்மன் வந்தார். அவர் திரட்டிய கடற்பஞ்சுகள் பற்றி 1905-ல் எழுதியதும் டெண்டிதான். சிப்பி ஓட்டையே துளைச்சுக் குடியிருக்கும் கடற்பஞ்சும் உண்டு.

சரி, மன்னார் வளைகுடா ஏன் கடற்பஞ்சுக்குப் பேர்போனது? ஒட்டிக்கொள்ள அதுக்குப் பாறையோ பவளமோ சிப்பியோ வேணும். அங்கே பவளத்திட்டுகள் இருக்கு. நம்ம கரையில தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம் எல்லாம் வண்டலைக் கொட்டுது. வண்டல் துளையை அடைச்சா, வளர்ந்த கடற்பஞ்சால இடம் மாறிப் போக முடியாது. இழுவலை கடலடியைச் சுரண்டினாலும் இதே கதைதான்: ஒட்டியிருக்கிறது பிய்யும், சேறு கிளம்பும்.

போனா என்னன்னு கேட்கலாம். 1950களின் தொடக்கத்தில் ஒரு கரீபியக் கடற்பஞ்சில் கிடைத்த வேதிப்பொருளை மாதிரியா வச்சுத்தான் ரத்தப் புற்றுநோய்க்கான சைட்டராபின் மருந்து உருவாச்சு. நம்ம கடல்ல இருக்கிறதுல எதுக்குள்ள என்ன இருக்குன்னு முழுசாத் தேடி முடிக்கலை.

டெண்டி லண்டன்ல இருந்துகிட்டு நம்ம கடற்பஞ்சுகளுக்குப் பேர் வச்சார். நான் அரை மணி நேரத் தூரத்துல நாலு வருஷம் இருந்தும் எட்டிப் பார்க்கலை. அடுத்த தடவை பஸ் பி.முட்லூர்ல நின்னா, நீங்க இறங்கிடுங்க.