ஏழு ஆண்டு வேலை யாருடையது?

ஸ்ட்ராத்ஃபீல்டில் இப்போது இரவு. டொராண்டோ நண்பர்கள் காலைக் காப்பியோடு உட்கார்ந்திருப்பீர்கள்.

‘வெண்பா’ விளையாட்டைப் பற்றி நம்மவர்கள் நிறையப் பேசிவிட்டார்கள். டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் அதை வெளியிட்டது. 1980களில் கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை, பெரும்பாலும் சமையலறையில் நடப்பது. மறு வருடம் பாஃப்டாவில் சிறந்த அறிமுக விளையாட்டு விருதும் வாங்கியது. இட்லித் தட்டுகளை ஆவி மேலே போகும்படி அடுக்குவது பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இன்றைக்கு நான் எடுத்துக்கொண்டது அப்படிப்பட்ட விளையாட்டுகளைச் செய்கிற நிறுவனங்களை. யாரோ ஒருவர் ஒரு வீடியோ கேம் ஸ்டூடியோவைத் தொடங்குகிறார், ஆட்களைச் சேர்க்கிறார், மாதாமாதம் சம்பளம் தேடுகிறார். வேலை முடிந்தபோது செய்த பொருள் யார் கையில் இருக்கிறது? ஆஸ்திரேலியாவில் இந்தக் கேள்விக்கு நாற்பது ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

முதலில் மெல்பர்ன். 1980-ல் அல்ஃப்ரெட் மில்கிராமும் நவோமி பெசனும் பீம் சாஃப்ட்வேர் என்ற நிறுவனத்தை அங்கே தொடங்கினார்கள். ஏற்கெனவே மெல்பர்ன் ஹவுஸ் என்று ஒரு பதிப்பகம் அவர்கள் கையில் இருந்தது. இதை ஒரு முக்கியமான செய்தியாக நினைக்கிறேன். செய்வதும் விற்பதும் ஒரே வீட்டுக்குள் இருந்தன. 1982-ல் டோல்கீனின் ‘தி ஹாபிட்’ நாவலை, உரிமை வாங்கி, விளையாட்டாக்கினார்கள். பெட்டிக்குள் புத்தகத்தையும் சேர்த்தே விற்றார்கள். நிரலை எழுதியவர்களில் ஒருவர் வெரோனிகா மெக்லர், அப்போது மெல்பர்ன் பல்கலைக்கழக மாணவி, பகுதிநேர வேலைக்கு வந்தவர். இன்னொருவர் ஃபிலிப் மிட்செல். நாம் ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்தாலும் கதாபாத்திரங்கள் தம் பாட்டுக்கு நடமாடிக்கொண்டிருக்கும் அந்த உலகம் 48 கிலோபைட் நினைவகத்துக்குள் அடங்கியது. இன்று நாம் கைப்பேசியில் அனுப்பும் ஒரு புகைப்படம் அதைவிடப் பெரியது. மெக்லர் அதோடு விளையாட்டுத் துறையை விட்டுப் போனார். பல ஆண்டுகள் கழித்துத்தான் ரசிகர்கள் அவரைத் தேடிப்பிடித்துப் பேட்டி எடுத்தார்கள்.

அடுத்த இருபது ஆண்டுகளில் நிலைமை மாறியது. விளையாட்டு செய்ய ஆகும் செலவு கூடக்கூட, பணம் போடுகிறவர் அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ இருந்தார், வேலை செய்கிறவர் இங்கே இருந்தார். நம் சினிமாவில் கதையை மொத்தமாக எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு தொகையோடு வெளியேறுவது போன்ற ஏற்பாடு. படம் ஓடினாலும் எழுதியவருக்கு ஒன்றுமில்லை. அந்நிய நிறுவனங்கள் இங்கே வந்ததற்கு ஒரு எளிய காரணம் நாணய மதிப்பு. 2001-ல் ஆஸ்திரேலிய டாலர் 50 அமெரிக்க சென்ட்டுக்கும் கீழே போனது. ஆங்கிலம் பேசும், நல்ல வேலை தெரிந்த ஆட்கள் பாதி விலைக்குக் கிடைத்தார்கள். 2011 நடுவில் அதே டாலர் 1.10 அமெரிக்க டாலரைத் தொட்டது. ஊருக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்த நமக்கு அது நல்ல காலம். ஸ்டூடியோக்களுக்கு மரண அடி. பிரிஸ்பேனில் பாண்டமிக் 2009-ல் மூடப்பட்டது. நாட்டின் மிகப்பெரிய ஸ்டூடியோவாக இருந்த குரோம் 2010 முடிவில் ஆட்களை வீட்டுக்கு அனுப்பியது. மறு ஆண்டு டிஹெச்க்யூ தன் பிரிஸ்பேன், மெல்பர்ன் கிளைகளை மூடியது.

நம் சிட்னியின் டீம் பாண்டை கதை இதோடு சேர்ந்தது. ஆனால் அதை டாலர் மேல் மட்டும் பழி போட்டு முடித்துவிட முடியாது. பிரெண்டன் மக்னமாரா 2003-ல் தொடங்கிய நிறுவனம் அது. ‘எல்.ஏ. நுவார்’ என்ற ஒரே விளையாட்டை ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் செய்தது. 1947-ன் லாஸ் ஏஞ்சலஸ், ஒரு துப்பறிவாளர், பொய் சொல்கிறவரின் முகத்தை வைத்தே பிடிக்க வேண்டும். அதற்காக நடிகர்களின் முகங்களை 32 கேமராக்கள் வைத்துப் பதிவு செய்தார்கள். முதலில் சோனியோடு தொடங்கிய முயற்சி, பிறகு ராக்ஸ்டாரிடம் போனது. 2011 மே மாதம் விளையாட்டு வெளிவந்து பெரிய வெற்றி. சில வாரங்களிலேயே முன்னாள் ஊழியர்கள் பத்திரிகைகளிடம் பேசத் தொடங்கினார்கள். வார இறுதிகளையும் விழுங்கிய வேலை நேரம், கூடுதல் நேரத்துக்குக் கிடைக்காத பணம் என்று அவர்கள் சொன்னார்கள். இன்னொன்றும் வெளியே வந்தது. உழைத்தவர்களில் நூறு பேருக்கு மேல், இறுதியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் இல்லை. இடையில் விலகிய பலரின் பெயர்களைச் சேர்க்கவில்லை. விடுபட்டவர்கள் தாங்களே ஒரு பட்டியலைத் தொகுத்து இணையத்தில் போட்டார்கள்.

நான் ஒரு நர்ஸ். எந்த மருந்தை எந்த நேரத்தில் யார் கொடுத்தார் என்று கையெழுத்து இல்லாமல் எங்கள் வார்டில் ஒரு வேளை நகராது. நடுராத்திரியில் ஷிப்ட் முடிந்து போனவரின் கையெழுத்தும் அந்தத் தாளில் இருக்கும், காலையில் அவர் வேலையை விட்டாலும் இருக்கும். பெயரை அழிக்கலாம் என்ற எண்ணமே எங்களுக்கு விசித்திரமாகத் தோன்றும். ஒரு ஸ்டூடியோவை நடத்துகிறவரின் தரத்தை நான் முதலில் இந்த இடத்தில்தான் பார்ப்பேன், விற்பனையில் அல்ல.

2011 முடிவதற்குள் டீம் பாண்டை கலைக்கப்பட்டது. ‘எல்.ஏ. நுவார்’ உரிமை ராக்ஸ்டார் பக்கம் இருந்தது. 2017-ல் அது புதிய கருவிகளுக்காக மீண்டும் வெளிவந்து விற்றது. செய்த சிட்னி நிறுவனம் அப்போது இல்லாமல் போய் ஆறு ஆண்டுகள்.

இந்த இடிபாடுகளில் இருந்துதான் இன்று நாம் சுயாதீன ஸ்டூடியோ என்று சொல்பவை பெருகின. கைப்பேசிக் கடைகளும் இணையக் கடைகளும் வந்துவிட்டதால் பெரிய பதிப்பாளர் இல்லாமலே விற்க முடிந்தது. பிரிஸ்பேனின் ஹாஃப்பிரிக், பிறருக்குக் கூலி வேலையாக விளையாட்டுகள் செய்துவந்த நிறுவனம், 2010-ல் சொந்தமாக ‘ஃப்ரூட் நின்ஜா’ வெளியிட்டது. நம் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் அந்தத் தர்ப்பூசணியை வெட்டியிருப்பார்கள்! அரசாங்கமும் 2012-ல் இரண்டு கோடி டாலர் நிதி ஒன்றை அறிவித்தது. 2014 பட்ஜெட்டில் அடுத்த அரசு அதை வெட்டியது. பிறகு 2022 ஜூலை முதல் 30 சதவீத வரிச் சலுகை வந்தது. ஆனால் குறைந்தது 5,00,000 டாலர் செலவு செய்தால்தான் கிடைக்கும். வரவேற்பறையில் இரண்டு மேசை போட்டுத் தொடங்குகிறவருக்கு அது எட்டாக் கனி. அவர்களுக்கு விக்டோரியா போன்ற மாநிலங்கள் தரும் சிறு மானியங்கள் உதவுகின்றன. மெல்பர்னின் ஹவுஸ் ஹவுஸ் அப்படி உதவி பெற்று 2019-ல் ஒரு கொழுப்பெடுத்த வாத்தின் கதையைச் செய்தது. நன்றாக விற்றதும், வருமானத்தில் ஒரு சதவீதத்தை இம்மண்ணின் பூர்வகுடி அமைப்புகளுக்குத் தருவதாக அறிவித்தது. மானியம் கொடுத்தவர்கள் கேட்காத செலவு அது.

அடிலெய்டின் டீம் செர்ரி இன்னும் சிறியது. ஆரி கிப்சன், வில்லியம் பெலன் என்ற இருவர் 2014 இறுதியில் பொதுமக்களிடம் 35,000 டாலர் கேட்டார்கள், 57,000-க்குச் சற்று மேல் கிடைத்தது. ‘ஹாலோ நைட்’ 2017-ல் வந்து பல லட்சம் பிரதிகள் விற்றது. அதற்குப் பிறகு அவர்கள் நூறு பேரை வேலைக்கு எடுக்கவில்லை, நிறுவனத்தை விற்கவில்லை. 2019 பிப்ரவரியில் அடுத்த விளையாட்டான ‘சில்க்சாங்’கை அறிவித்துவிட்டு உள்ளே போனவர்கள் வெளியே வர 2025 செப்டம்பர் 4 ஆனது. இங்கேயும் ஏழு ஆண்டுக்கு நெருக்கமான வேலைதான். ரசிகர்கள் பொறுமையிழந்து கேலி செய்தார்கள், ஆனால் நாள் குறித்துக் கழுத்தைப் பிடிக்க ஒரு முதலாளி இல்லை. வெளியான அன்று வாங்க வந்த கூட்டத்தில் இணையக் கடைகள் திணறி நின்றன. விலை 20 அமெரிக்க டாலர். உரிமை இன்றும் அடிலெய்டில்தான் இருக்கிறது.