ஏவாமல் இயங்கும் இல்லம்

பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டி நோக்கிச் செல்லும் வீதியில், தேயிலையும் இறப்பரும் அடுத்தடுத்து வளரும் மேடுகளுக்கிடையே அமைந்திருப்பது கஹவத்தை. இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டப் பகுதிகளுள் பெயர் பெற்றது. இத்தகைய தோட்டங்களில் வெள்ளைத் துரைமார் வாழ்ந்த பங்களாக்களைத் தானே இயங்கும் வீடுகள் என்று சொன்னால் மிகையாகாது. துரை கண் விழிக்குமுன் தேநீர் படுக்கையருகே வந்துவிடும். குளியலறையில் வெந்நீர் காத்திருக்கும். அந்தி மயங்குமுன் திண்ணை விளக்குகள் ஏற்றப்பட்டுவிடும். யாரும் யாரையும் ஏவியதாகத் தெரியாது. ஏவாமலே எல்லாம் நடந்தேறும்.

அந்த வீட்டின் யந்திரம் சுவருக்குள் இருக்கவில்லை. அது பங்களாவின் பின்கட்டில் இருந்தது. அப்பு என்றும், வாசக்கூட்டி என்றும், தோட்டக்காரன் என்றும் பெயர் கொண்ட மனிதர்களே அந்த யந்திரத்தின் உறுப்புகள். அது பழுதடைவதும் உண்டு. காய்ச்சல் வந்தால் வெந்நீர் இல்லை. ஆயினும் பழுது எங்கே என்பது உடனே தெரிந்துவிடும். இன்னொருவர் அந்த வேலையைச் செய்துவிடுவார். இந்தியாவில் கச்சேரிகளிலும் துரைமார் வீடுகளிலும் பங்கா இழுத்தவனது கதையும் இதுவே. கூரையில் தொங்கும் பெரிய துணி விசிறியின் கயிற்றைக் கால் பெருவிரலில் கட்டிக்கொண்டு அவன் உறங்கிப்போவான். காற்று நின்றதும் உள்ளிருப்பவர் குரல் கொடுப்பார். கயிற்றின் ஒரு முனையில் வியர்க்கும் மனிதர், மறு முனையில் உறங்கும் மனிதர். நடுவே இருந்தது ஒரு சுவர் மட்டுமே.

இன்று ‘ஸ்மார்ட் ஹோம்’ என்று வணிகர் விளம்பரம் செய்யும் தானியங்கு இல்லத்தின் வரலாறு, ஒரு வகையில், அந்தக் கயிறு நீண்டு சென்ற வரலாறே ஆகும்.

மனிதன் கை படாமல் தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும் பொறி புதியதன்று. நீராவி எஞ்சினின் வேகத்தைச் சீராக்க ஜேம்ஸ் வாட் 1788-இல் சுழல் குண்டுகளைப் பொருத்தினார். வேகம் கூடினால் குண்டுகள் விரிந்து உயரும். நீராவியின் வழி குறுகும். வேகம் குறைந்தால் குண்டுகள் தாழும், வழி விரியும். எளிய ஏற்பாடுதான். எனினும் சில எஞ்சின்கள் இந்த அடக்கியினாலேயே தடுமாறி ஏறி இறங்கின. அத்தடுமாற்றத்தைக் கணித முறையில் ஆராய்ந்து மாக்ஸ்வெல் 1868-இல் கட்டுரை ஒன்று எழுதினார். அதற்கு முந்திய ஆண்டில்தான் இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். கோப்பிப் பயிர் நோயால் அழிந்த பின் தேயிலை நாடெங்கும் பரவியது. கையால் உருட்டிய கொழுந்தை உருட்ட யந்திரங்கள் வந்தன. பெல்பாஸ்ட் நகரத்து டேவிட்சனின் சிரோக்கோ உலர்த்திகள் வந்தன.

தேயிலை ஆலையைத் தோட்ட மக்கள் ‘ஸ்டோர்’ என்பார்கள். தானியங்குதல் பற்றி இந்நாட்டுத் தமிழர் முதன்முதலில் பாடம் கற்ற பள்ளிக்கூடம் அதுவே எனலாம். பழைய ஸ்டோர்களில் நீர்ச்சக்கரமோ எண்ணெய் எஞ்சினோ ஒரு நீண்ட இரும்புத் தண்டைச் சுழற்றும். அத்தண்டிலிருந்து தோல் வார்கள் இறங்கி ஒவ்வொரு யந்திரத்தையும் ஓட்டும். ஒவ்வொரு வாருக்கும் அருகே கைப்பிடி ஒன்று உண்டு. அதைத் தள்ளினால் வார் வெறும் சக்கரத்துக்கு நழுவி, அந்த யந்திரம் மட்டும் நிற்கும், மற்றவை ஓடும்.

கொழுந்து பொறுமையற்ற பொருள். பறித்த பின் பன்னிரண்டு முதல் பதினெட்டு மணி நேரம் வரை வாட வேண்டும். வாடியது உருட்டப்பட வேண்டும். உருட்டியவுடன் அதன் சாறு காற்றோடு கலந்து நிறம் மாறத் தொடங்கிவிடும். அந்த மாற்றத்தை இடையில் நிறுத்திவைக்க இயலாது. உரிய வேளையில் சூடு காட்டவில்லையெனில் அன்றைய பறிப்பு வீண். அத்தனை பெண்களின் ஒரு நாள் உழைப்பு அந்தத் தரையில் கிடக்கிறது. அக்காலத்தில் மேல் மாடிகளில் சாக்குத் தட்டுகளிற் கொழுந்தைப் பரப்பி, மழை வந்தால் சன்னல்களை மூடியும் வெயில் வந்தால் திறந்தும் வாட்டினார்கள். பின்னர் விசிறி பொருத்திய தொட்டிகள் வந்தன. வெப்பமானிகளும் நேரங்காட்டிகளும் வந்தன. ஆனால் டீமேக்கர் தம் கையை விட்டுவிடவில்லை. வாடிய கொழுந்தை ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பார்ப்பார். பிடி விட்டபின் அது உருண்டையாக நின்றால் வாட்டம் போதும். செப்பு நிறம் வந்ததா என்று கண் பார்க்கும். பச்சை வாடை நீங்கியதா என்று மூக்குச் சொல்லும். யந்திரம் எத்தனை வந்தாலும், அது நின்றால் என்ன செய்வது என்று அறிந்தவர் அதனருகே நின்றார்.

மின்சாரத்தின் கதை வேறு. மலைநாட்டு அருவிகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டீ. ஜே. விமலசுரேந்திர 1918-இல் கட்டுரை படித்தார். லக்சபான மின் நிலையம் இயங்கியதோ 1950-இல். இடையிலே 1948-ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிவிட்டது. மின் கம்பிகள் தோட்டங்களைக் கடந்து நகரங்களுக்குப் போயின. ஸ்டோருக்கும் பங்களாவுக்கும் ஒளி வந்த பின்னும் நெடுங்காலம் லயக் காம்பராவிற் குப்பி லாம்பே எரிந்தது. பல லயங்களுக்கு மின்சாரம் வருவதற்குள் ஒரு தலைமுறை கழிந்தது. 1992-இல் கஹவத்தைக்குக் கிழக்கே, வளவை ஆற்றின் குறுக்கே சமனலவெவ அணை நிரப்பப்பட்டபோது, அணையின் வலப்பக்க மலைக்குள்ளிருந்து நீர் பீறிட்டது. 120 மெகாவாட் நிலையத்துக்குரிய நீரில் ஒரு பகுதி அன்றுதொட்டு ஒழுகிக்கொண்டே இருந்தது. கீழேயுள்ள கல்தொட்டை வயல்களுக்கு அது பாய்ந்தது. கண்ணுக்குத் தெரியும் ஒழுகலோடு மனிதர் எப்படியோ உடன்பாடு செய்துகொள்கிறார்கள்.

வீட்டைத் தானே இயங்கச் செய்யும் ஆசை இதற்குள் அமெரிக்காவில் உருக்கொண்டிருந்தது. வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்துப் பொறியியலாளர் ஜிம் சதர்லண்டு, கழித்துவிட்ட உதிரி பாகங்களைக் கொண்டு 1966-இல் தம் வீட்டுக்கென ஒரு கணினியை அமைத்தார். ‘எக்கோ 4’ என்பது அதன் பெயர். எடை ஏறக்குறைய 800 இறாத்தல். கடைக்குப் போகும் பட்டியலைத் தயாரிப்பது, வீட்டின் வெப்பத்தைச் சீராக்குவது முதலியன அதன் கடமைகள். அது விற்பனைக்கு வரவில்லை. 1969-இல் ஹனிவெல் நிறுவனத்தின் சமையலறைக் கணினி 10,000 டாலருக்கு மேற்பட்ட விலையில் விளம்பரமாயிற்று. சமையற் குறிப்பை அதனிடம் கேட்க வேண்டுமானால் இல்லத்தரசி முதலில் இரண்டு வாரம் பயிற்சி பெற வேண்டும்! அதை எவரும் வாங்கியதாகச் செய்தி இல்லை.

மக்கள் வாங்கிய முதற் கருவி ஸ்கொட்லாந்திலிருந்து வந்தது. கிளென்ரோதெஸ் ஊரைச் சேர்ந்த பிக்கோ எலக்ட்ரொனிக்ஸ் 1975-இல் வகுத்த ‘எக்ஸ் 10’ முறை, வீட்டில் ஏற்கெனவே உள்ள மின் கம்பிகளின் வழியாகவே விளக்குகளுக்குக் கட்டளை அனுப்பியது. புதுக் கம்பி இழுக்க வேண்டியதில்லை. ஆனால் அக்கம்பிகளில் பயணம் செய்வது கட்டளை மட்டும் அன்று. குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சலும், வேறு கருவிகளின் அதிர்வும் அவ்வழியே வந்தன. கட்டளை சில வேளை வழியில் தொலைந்தது. அயல் வீட்டான் அனுப்பிய கட்டளைக்கு இந்த வீட்டு விளக்கு எரிந்ததும் உண்டு. விளக்கு எரிந்ததா இல்லையா என்பதை அனுப்பிய பெட்டி அறியாது. பதில் சொல்லும் ஏற்பாடு தொடக்கத்தில் இல்லை. பங்கா இழுத்தவனாவது கூப்பிட்டால் விழித்துக்கொண்டான்.

இணையம் வந்தபின் கயிறு கடல் கடந்தது. சுவரிலுள்ள சுவிட்சை ஒருவர் வாயாற் சொல்லி இயக்கும்போது, பல கருவிகளில் அச்சொல் முதலில் தொலைதூரக் கணினி நிலையம் ஒன்றுக்குப் போய், அங்கே பொருள் அறியப்பட்டு, கட்டளையாகத் திரும்பி வருகிறது. பத்தடி தூரத்து விளக்குக்குப் பல்லாயிரம் மைல் பயணம். 2016 ஜனவரியில், கடுங்குளிர் வேளையில், நெஸ்ட் நிறுவனத்தின் வெப்பச் சீராக்கிகள் பல வீடுகளில் உயிரிழந்தன. முந்திய மாதம் அனுப்பப்பட்ட மென்பொருளின் பிழை அவற்றின் பட்டரியை உறிஞ்சிவிட்டது. வீட்டுக்காரர்கள் அதைச் சுவரிலிருந்து கழற்றி, மின்னேற்றி, மறுபடி பொருத்த வேண்டியதாயிற்று. அதே ஆண்டு மே மாதத்தில் ‘ரிவோல்வ்’ என்ற பெட்டி, ஏறக்குறைய 300 டாலர் கொடுத்து வாங்கியவர்கள் வீட்டிலேயே செயலற்றுப்போனது. அது பழுதடையவில்லை, அதை வாங்கிக்கொண்ட நிறுவனம் அதற்குரிய சேவையை நிறுத்திவிட்டது. 2022 ஏப்ரலில் ‘இன்ஸ்டியோன்’ நிறுவனத்தின் கணினி நிலையம் அறிவிப்பின்றி மௌனமாயிற்று. சில வாரங்களின் பின், அந்தக் கருவிகளை நம்பியிருந்த வாடிக்கையாளர் சிலரே ஒன்றுகூடி அந்நிறுவனத்தை வாங்கி மீண்டும் இயக்கினார்கள். எண்ணிப் பார்த்தால் விந்தையானது: வீட்டு விளக்கை ஏற்றுவதற்காக ஒரு கம்பெனியையே வாங்க வேண்டியிருந்தது.

2025 ஒக்டோபர் 20-இல் நிகழ்ந்தது இன்னும் பெரிது. அமேசான் நிறுவனத்தின் வர்ஜீனியா கணினி நிலையங்களில், முகவரிப் பதிவுகளைத் தானே திருத்தும் இரு நிரல்கள் ஒன்றோடொன்று முந்த முயன்று, முக்கியமான முகவரி ஒன்றை வெறுமையாக்கிவிட்டன. பல நாடுகளில் அழைப்பு மணிகளும், குரலுக்குச் செவிசாய்க்கும் பெட்டிகளும் முடங்கின. இணையத்தோடு பிணைக்கப்பட்ட விலையுயர்ந்த படுக்கைகள் சில சூடேறியபடியே நின்றன. தானியங்கி செய்த பிழையைத் தானியங்கியால் திருத்த முடியவில்லை. மனிதர் தலையிட்டுக் கையால் திருத்தினர்.

இத்தகைய வீடுகள் கஹவத்தைக்கு அந்நியமானவை அல்ல. தோட்டத்து லயங்களிலிருந்து கொழும்பு மாடி வீடுகளுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் வீட்டு வேலைக்குப் போனவர்கள் பலர். அறிவுள்ளதாகச் சொல்லப்படும் அந்த வீடு அடம் பிடிக்கும்போது ஈரத் துணியுடன் அதன்முன் நிற்பவர்கள் பெரும்பாலும் இவர்களே. எசமானின் கைத்தொலைபேசிக்கு மட்டுமே கீழ்ப்படியும் விளக்கை அணைக்க அவர்களுக்கு வழியில்லை. பங்களாப் பின்கட்டில் இருந்தவருக்கு இருந்த அதிகாரம்கூட இவர்களுக்கு இல்லை. அவர் கையில் தீப்பெட்டியாவது இருந்தது. இங்கிலாந்தின் உளவியலறிஞர் லிசான் பெயின்பிரிட்ஜ் 1983-இல் எழுதிய கட்டுரை இங்கு நினைக்கத்தக்கது. எளிய வேலைகளை யந்திரத்துக்குக் கொடுத்துவிட்டு, யந்திரத்தால் ஆகாத கடினமான வேலையை மட்டும் மனிதனுக்கு விட்டுவிடுகிறோம். நாளும் செய்யாததனால் அதைச் செய்யும் பழக்கமும் அவனிடமிருந்து நீங்கிவிடுகிறது என்பது அவர் காட்டிய முரண். டீமேக்கர் தினந்தோறும் ஒரு பிடி கொழுந்தை இறுக்கிப் பார்த்ததன் பயன் இங்கே விளங்குகிறது.

இலங்கையிலே, 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் வெட்டப்பட்டது. அது எரிபொருள் வாங்கப் பணமில்லாத கொடுமை, யந்திரத்தின் குற்றமன்று. 2025 பெப்ரவரி 9-ஆந் திகதி நேர்ந்ததோ வேறு வகை. ஞாயிற்றுக்கிழமை முற்பகல், பதினொரு மணி கடந்த வேளை. பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியிற் பட்டதாகப் பொறுப்பான அமைச்சர் கூறினார். நாடு முழுவதும் இருண்டது. குரங்கைப் பற்றிப் பிறந்த நகைச்சுவைகள் ஏராளம். சிரிப்பு அடங்கியபின் தெரிந்த காரணம் ஆழமானது. விடுமுறை நாளாதலின் மின்சாரத் தேவை குறைவு. கூரைகளிலிருந்து வரும் சூரிய மின்சாரத்தின் பங்கோ மிகுதி. சுழலும் கனத்த யந்திரங்கள் குறைவாக ஓடும் வேளையில் ஓர் அதிர்ச்சியைத் தாங்கும் வலு கட்டமைப்புக்குக் குறைந்துவிடும். அதிர்ச்சி வந்ததும், தம்மைக் காத்துக்கொள்வதற்கெனப் பொருத்தப்பட்ட தானியங்கிக் காவற் கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக இணைப்பைத் துண்டித்தன. நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தின் மூன்று யந்திரங்களும் நின்றன. அவற்றை மறுபடி முழுமையாக இயக்க நாட்கள் பிடித்தமையால் அடுத்த நாட்களிலும் ஒன்றரை மணி நேர மின்வெட்டு வந்தது. கவனிக்கத்தக்கது யாதெனின், அந்தக் காவற் கருவிகள் தத்தம் கடமையைச் செய்தன. அவை கடமை செய்ததன் விளைவாகவே நாடு இருண்டது.

அத்தகைய வேளைகளில் வாட்டுத் தொட்டியிற் கொழுந்து கிடக்கும் ஸ்டோர்களில் விசிறி நின்றதை முதலில் அறிவது காது. ஜெனரேட்டரை இயக்க ஆள் ஓடுவார். அதுவும் இணங்காவிட்டால் கொழுந்து சூடேறாமல் கையாற் புரட்டிப் போடுவார்கள். தொலைதூரக் கட்டளைக்குக் காத்திருக்கும் பூட்டுகளும் விளக்குகளும் கொண்ட வீடுகளிலோ, மின்சாரம் மீண்டபின்னும் வேலை முடிவதில்லை: முதலில் இணையப் பெட்டி விழிக்க வேண்டும், பின் ஒவ்வொரு கருவியும் அதைத் தேடிக் கண்டுகொள்ள வேண்டும், கண்டுகொள்ளாததை வீட்டுக்காரர் கைத்தொலைபேசியுடன் தேடித் திரிய வேண்டும்.

லயக் காம்பராக்களில் இந்தச் சிக்கல் எழவில்லை. அன்று மாலையளவில் மின்சாரம் திரும்பியபோது, இருண்ட அவசரத்தில் யாரும் அணைக்க நினையாத சுவிட்சுகளோடு தொங்கிய பல்புகள் எவரும் ஏவாமலே எரிந்தன.