களையும் காணியும்: பிரித்தானியாவில் யப்பானிய நொட்வீட் செடியின் வரலாறு

அந்நியத் தாவரங்களின் பரவலைத் தாவரவியலாளருக்கு மட்டுமே உரிய ஆய்வுப்பொருளாகக் கருதும் வழக்கம் நெடுங்காலம் நிலவிவந்துள்ளது. ஆயின் ஒரு செடி யாருடைய நிலத்தில் முதலில் வேரூன்றிற்று, எப்பொழுது அது 'களை' எனப் பெயர் பெற்றது, அதனை அகற்றும் செலவு யார் தலையில் விழுந்தது என்னும் வினாக்களை எழுப்புவோமாயின் நாம் சமூக வரலாற்றின் எல்லைக்குள் வந்துவிடுகிறோம். பிரித்தானியாவில் வீட்டுக் காணிகளின் பெருந்தொல்லையாக இன்று பேசப்படும் யப்பானிய நொட்வீட் என்னும் செடியை இந்நோக்கிலேயே ஈண்டு ஆராய முற்படுகிறோம்.

இச்செடி ஐரோப்பாவிற்குத் தற்செயலாக வந்ததொன்றன்று. யப்பானின் தெசிமாத் தீவிலிருந்த ஒல்லாந்தரின் வணிக நிலையத்திற்கு 1823இல் மருத்துவராகச் சென்ற ஜேர்மானியரான பிலிப் பிரான்ஸ் வொன் சீபோல்ட், தடைசெய்யப்பட்ட நிலப்படங்களைப் பெற்றிருந்தமைக்காக 1829இல் அந்நாட்டிலிருந்து வெளியேற்றப்பட்டார். பின்னர் அவர் லெய்டன் நகரில் நாற்றுப்பண்ணையொன்றை அமைத்து யப்பானியத் தாவரங்களை விற்பனை செய்தார். 1847இல் உத்திரெக்ற் நகரின் வேளாண்மை, தோட்டக்கலைச் சங்கம் இச்செடிக்குப் பொற்பதக்கம் வழங்கிற்று. 1850 ஆகஸ்ட் மாதத்தில் சீபோல்டிடமிருந்து இலண்டன் கியூ தாவரவியற் பூங்காவுக்கு வந்த பொதியொன்றில் இதுவும் இருந்தது. அதன்பின் நாற்று வணிகர் வாயிலாக இது செல்வந்தரின் மாளிகைத் தோட்டங்களை அடைந்தது. மூங்கிலை ஒத்த தண்டும் இலையுதிர்கால வெண்பூவும் அக்காலத்து மேட்டுக்குடியினரின் இரசனைக்குப் பெரிதும் உகந்தனவாயிருந்தன. பிறப்பிலேயே இது ஒரு பண்டம் என்பது இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது.

மாளிகைத் தோட்டத்திலிருந்து தொழிலாளர் குடியிருப்பை இது சென்றடைந்தவாறே நமக்கு முக்கியமானது. யப்பானில் இச்செடி எரிமலைச் சாம்பல் படிந்த சரிவுகளில் முதலாவதாக முளைக்கும் தாவரங்களுள் ஒன்று. அங்கு பூச்சிகளும் பூஞ்சணங்களும் அதனைக் கட்டுப்படுத்துகின்றன. இளந்தண்டுகளை மக்கள் உணவாகவும் கொள்கின்றனர். அவ்வியற்கை எதிரிகள் எவையும் இல்லாத பிரித்தானியாவில் அதற்கேற்ற நிலத்தை ஆக்கிக் கொடுத்தது கைத்தொழிற் புரட்சியே. தென் வேல்சில் இரும்பாலைகளும் நிலக்கரிச் சுரங்கங்களும் கொட்டிய கசடும் சாம்பலும் எரிமலைச் சரிவுகளுக்கு நிகரான மேடுகளாயின. 1886இல் வெளிவந்த கார்டிப் பகுதித் தாவரப் பட்டியல், மெயிஸ்டெக் என்னும் ஊரின் சாம்பல் மேடுகளில் இச்செடி மிகுதியாகக் காணப்படுவதாகக் குறிப்பிடுகின்றது. தோட்டத்துக்கு வெளியே இது வேரூன்றியமைக்கு நாமறிந்த தொடக்ககாலச் சான்று இதுவே.

பிரித்தானியாவிலுள்ள இச்செடி யாவும் ஒரே பெண் செடியின் பிரதிகளே என்பதை 2000இல் வெளியான லெஸ்ரர் பல்கலைக்கழக ஆய்வு மரபணுச் சான்றுகளால் நிறுவிற்று. தன்னினத்து ஆண் செடி அங்கின்மையால் விதைவழிப் பெருக்கம் அதற்குப் பெரும்பாலும் இல்லை. நிலத்தடித் தண்டின் விரல் நுனியளவான துண்டொன்றே மீண்டும் முளைக்கப் போதுமானது. அத்துண்டுகளைச் சுமந்து சென்றவை ஆற்று வெள்ளமும், அதனினும் மேலாக மனிதர் ஏற்றியிறக்கிய மண்ணும் கசடுமாகும். எனவே இது பரவிற்று என்பதிலும் பரப்பப்பட்டது என்பதே பொருத்தம்.

வீட்டுக்காரர் இதனை எதிர்கொள்வது எளிதன்று. வெட்டிவிட்டால் துண்டுகள் சிதறி மேலும் முளைக்கும். சத்து நிலத்தடித் தண்டை நோக்கி இறங்கும் கோடையிறுதியில் கிளைபோசேற் களைகொல்லியைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பயன்படுத்துவதே வழமையான முறை. சுவான்சி பல்கலைக்கழகம் 2018இல் வெளியிட்ட கள ஆய்வில், சோதிக்கப்பட்ட முறைகளுள் எதுவும் மூன்றாண்டுகளில் இதனை முற்றாக அழிக்கவில்லை. அகழ்ந்து அகற்றுவதோ பெருஞ்செலவு. 1990ஆம் ஆண்டின் சுற்றாடற் பாதுகாப்புச் சட்டத்தின்படி அந்த மண்ணை உரிமம் பெற்ற இடத்திலேயே கொட்டவேண்டும். 1981ஆம் ஆண்டுச் சட்டம் இதனை வனப்புறங்களில் நடுவதையும் வளரச்செய்வதையும் குற்றமாக்கிற்று. சொந்தத் தோட்டத்தில் இது இருப்பது குற்றமன்று.

ஆயினும் வீட்டுக்காரரை வருத்தியது செடியினும் கடனே எனலாம். 2012இல் பட்டய மதிப்பீட்டாளர் நிறுவனம், வீட்டிலிருந்து ஏழு மீற்றருக்குள் இச்செடி உள்ளதா என்பதை அளவுகோலாக்கிற்று. வங்கிகள் ஈட்டுக்கடன் மறுக்கலாயின. 2013 முதல் வீடு விற்போர் நிரப்பும் படிவத்திலும் இதுபற்றிய வினா இடம்பெற்றது. ஆனால் 2018இல் வெளியான ஆய்வொன்று, கட்டடங்களுக்கு இச்செடி விளைக்கும் சேதம் பல மரங்கள் விளைப்பதிலும் குறைவு எனக் கண்டது. 2019இல் பாராளுமன்றக் குழுவொன்றும் கடன்வழங்குவோரின் அணுகுமுறை அளவுக்கு மீறிய எச்சரிக்கை எனக் குறைகூறிற்று. 2022இல் ஏழு மீற்றர் மூன்றாகச் சுருங்கிற்று. செடி மாறவில்லை, மாறியது அதன் விலைமதிப்பு. வீட்டை உறைவிடமாக அன்றிச் சந்தைப் பொருளாகக் கொள்ளும் சமூகத்திலேயே ஒரு களை இத்துணை அச்சத்தைத் தோற்றுவிக்க முடியும்.

இனி மீண்டும் மெயிஸ்டெக்குக்கு வருவோம். அவ்வூரின் இறுதிச் சுரங்கம் 1985இல் மூடப்பட்டது, செடி எஞ்சிற்று. அங்கு புகையிரதப் பாதையின் அணைக்கட்டை அடுத்துச் சிறுவீடுகளில் வாழ்ந்த இருவர், அவ்வணைக்கட்டில் ஐம்பதாண்டுகளுக்கு மேலாக நின்ற நொட்வீட் தொடர்பாக நெற்வேர்க் றெயில் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தனர். 2018இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர்களுக்குச் சார்பாகத் தீர்த்தது. விலை வீழ்ச்சி மட்டும் வழக்குக்குப் போதிய காரணமாகாது. நிலத்தடித் தண்டு ஊடுருவுவதால் நிலத்தைப் பயன்படுத்தி அனுபவிக்கும் உரிமை குன்றுவதே தொல்லையாகும் என்பது அதன் முடிபு. சந்தையின் தருக்கத்துக்கு நீதிமன்றம் இட்ட வரம்பாக இதனை நாம் மதிக்கிறோம்.

அதே பிரிட்ஜெண்ட் மாவட்டத்திலிருந்து வந்த வேறொரு வழக்கை 2024 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் விசாரித்து முடித்தது. மனுதாரர் 2004இல் காணியை வாங்குமுன்னரே அயலிலிருந்த மாவட்ட சபை நிலத்திலிருந்து செடி அதனுள் புகுந்திருந்தது. சபையின் கடமைமீறலோ 2013இலேயே தொடங்கியதாகக் கொள்ளப்பட்டது. சாம்பல் மேடுகள் 1886இலேயே பதிவாகியிருந்தன. சட்டத்தின் கணக்கு 2013இல் தொடங்கிற்று. மீறலுக்கு முன்பே நேர்ந்துவிட்ட இழப்புக்குச் சபை பொறுப்பன்று எனத் தீர்க்கப்படவே, மேன்முறையீட்டு நீதிமன்றம் வழங்கியிருந்த 4,900 பவுண் மனுதாரருக்குக் கிட்டாது போயிற்று.